ஓட்டம் பயின்ற ஜிம் பிக்ஸ்

உடலைப் பேணுதல் ஒவ்வொருவர்க்கும் உரிய கடமை என்பதை மறுப்பார் எவரும் இலர். ஆயினும், அக்கடமையை நாளைக்கு என்று ஒத்திவையாதாரும் மிகச் சிலரே. நூலும் எழுதுகோலுமாய் நாற்காலியில் அமர்ந்து நாள் கழிப்பார்க்கு உடல் பருக்கின்றது, தசை தளர்கின்றது, மாடிப்படிகளை ஏறி முடிப்பதற்குள் மூச்சு இரைக்கின்றது. அன்னோரை நோக்கி, ஓட்டப் பந்தயங்களில் உலகை வென்ற வீரர்களின் பெருமையை எடுத்துரைப்பதால் விளையும் பயன் யாது? வியப்பு விளையுமேயன்றி ஊக்கம் விளையாது. மான் போலப் பிறந்தவர் மான் போல ஓடினார், அதனால் நமக்கென்ன என்று அவர் தம் நாற்காலியிலே மீண்டும் சாய்ந்துவிடுவர்.

ஆதலின், யாம் ஈண்டு எழுதப் புகுந்தது பிறவி வீரர் ஒருவரின் வரலாறு அன்று. 35-ஆம் வயதில், பருத்த உடலோடும் புகை படிந்த நுரையீரலோடும் ஓடத் தொடங்கி, தாம் கலந்துகொண்ட முதற் போட்டியில் எல்லார்க்கும் கடைசியாக வந்து சேர்ந்து, பின்னர்ப் பல்லாயிரம் மக்களை வீடுகளினின்றும் வீதிக்கு அழைத்த அமெரிக்கர் ஒருவரின் வரலாறே இஃது. அவர் பெயர் ஜேம்ஸ் புல்லர் பிக்ஸ். உலகம் அவரை ஜிம் பிக்ஸ் என்று அழைத்தது. அவர் வாழ்க்கை நமக்குக் கற்பிப்பது ஒன்று. அவர் முடிவு கற்பிப்பது மற்றொன்று. இரண்டையும் சேர்த்துப் படித்தால் அன்றி அப்பாடம் நிறைவுறாது.

பிக்ஸ் 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 23-ஆம் நாள் நியூயார்க்கு நகரிலே பிறந்தார். அவர் தந்தையார் கால்வின் பிக்ஸ் என்பார், டைம் என்னும் புகழ்பெற்ற வாரப் பத்திரிகையின் ஆசிரியர்களுள் ஒருவர். தந்தையார்க்குத் தம் 35-ஆம் வயதில் இருதய நோய் கண்டது. அதனின்றும் ஒருவாறு மீண்டாரெனினும், 43-ஆம் வயதிலேயே அந்நோயால் மாண்டார். இளம் பருவத்தில் தந்தையை இழப்பது எத்தகைய துயரம் என்பதை யாம் விரித்துக் கூற வேண்டுவதின்று. அவ்விரண்டு எண்களையும் நம் வாசகர்கள் மனத்திற் கொள்வாராக. 35, 43 என்னும் அவ்வெண்கள் மைந்தனுடைய வாழ்நாள் முழுவதும் நிழல் போலத் தொடர்ந்தன.

பிக்ஸ் ஒகையோ மாநிலத்திலுள்ள ஓபர்லின் கல்லூரியிற் பயின்று 1957-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். 1833-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அக்கல்லூரி, கறுப்பினத்தாரையும் பெண்டிரையும் ஏனையோரோடு ஒப்பச் சேர்த்துக்கொண்டு கல்வி புகட்டுவதில் அமெரிக்காவிலே வழிகாட்டியாய் நின்றது. பட்டம் பெற்றபின் அவர் தந்தையார் சென்ற வழியே சென்றார். சாட்டர்டே ரெவ்யூ, மக்கால்ஸ், லைப் முதலிய பத்திரிகைகளில் ஆசிரியப் பணி ஆற்றினார். கூர்த்த மதியினர் ஆதலின் புதிர்க் கணக்குகளில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. அறிவுக் கூர்மைத் தேர்வில் உயர்ந்த இடம் பெற்றாரையே உறுப்பினராக ஏற்கும் மென்சா என்னும் சங்கத்தில் அவரும் ஓர் உறுப்பினர். பேரறிவினர்க்கென்று அவர் தொகுத்த புதிர் விளையாட்டு நூல் 1972-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இங்ஙனம் அறிவு வளர்ந்தது. உடனே உடலும் வளர்ந்தது! பத்திரிகை அலுவலகத்தின் பரபரப்பும், நேரந்தவறிய உணவும், இடைவிடாப் புகைப் பழக்கமும் தத்தம் வேலையைச் செய்தன. 1967-ஆம் ஆண்டில், அதாவது தம் 35-ஆம் வயதில், அவருடைய எடை ஏறக்குறைய 240 இராத்தல். கிலோக் கணக்கிற் கூறின் 110-ஐ நெருங்கும். நாளொன்றுக்கு இரண்டு பெட்டி சிகரெட்டு அவர் வாயிற் புகைந்தது. தந்தையார் நோய்வாய்ப்பட்ட அதே வயதை எய்திய ஒருவர், அத்தந்தையினும் கேடான நிலையில் இருந்தார் என்று கூறினும் மிகையாகாது. உடற்பயிற்சி என்று அவருக்கு எஞ்சியிருந்தது டென்னிஸ் ஆட்டம் ஒன்றே. ஒரு நாள் அவ்வாட்டத்தின் இடையே அவருடைய கெண்டைக்கால் தசை பிசகியது. அக்காலுக்கு மீண்டும் வலிமை ஊட்டவேண்டியே அவர் மெல்ல ஓடத் தொடங்கினார். பெருஞ்செயல்கள் பலவற்றின் தொடக்கம் இவ்வாறு சிறிதாகவே இருக்கின்றது.

அவர் தொடங்கிய காலத்தின் இயல்பையும் ஈண்டுச் சிறிது கூறுதல் நலம். வளர்ந்த மனிதர் ஒருவர் காரணமின்றி வீதியில் ஓடுதல் அந்நாளில் அமெரிக்காவில் நகைப்பிற்கிடமான செயல். ஓட்டம் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் பந்தய வீரர்களுக்குமே உரியது என்று எண்ணினர். அவ்வெண்ணத்தை முதலில் அசைத்தவர்களுள் ஆர்தர் லிடியார்டு என்பார் ஒருவர். நியூசீலந்தில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அவர், ஐந்து மைல் ஓடியதில் தாம் மூச்சுத் திணறியதைக் கண்டு வெட்கி, தம் உடலையே சோதனைக் களமாக்கி, ஓட்டப் பயிற்சி முறை ஒன்றை வகுத்தவர். ஆரிகன் பல்கலைக்கழகத்தின் ஓட்டப் பயிற்சியாசிரியரான பில் பௌவர்மன் 1962-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாடு சென்றபோது, லிடியார்டு அவரைப் பொதுமக்கள் சிலரோடு ஓட அழைத்துச் சென்றார். எழுபது வயதைக் கடந்தவரும் இருதய நோய் கண்டு மீண்டவருமாகிய முதியவர் ஒருவரோடு இணைந்து செல்ல இயலாமல் பௌவர்மன் பின்தங்கினார். வீரர்களைப் பயிற்றும் ஆசிரியரே ஒரு நோயாளிக் கிழவரிடம் தோற்றார்! நாடு திரும்பிய அவர் யூஜீன் நகரத்தாரை மெல்லோட்டம் பயிலச் செய்து, இருதய வைத்தியர் ஒருவரோடு சேர்ந்து 1967-ஆம் ஆண்டில் அதனைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அடுத்த ஆண்டில், விமானப் படையின் வைத்தியராகிய கென்னத் கூப்பர் என்பார், இருதயத்தையும் நுரையீரலையும் வலுப்படுத்தும் பயிற்சிகளைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். இக்கூப்பரின் பெயரை நாம் பின்னரும் காண்போம்.

நிற்க. பருத்த உடலோடு ஓடத் தொடங்குவார் படும் பாடு எளியதன்று. நூறு கஜம் செல்லுமுன் நெஞ்சு படபடக்கின்றது. விலாவிற் பிடிப்பு உண்டாகின்றது. மறுநாட் காலையிற் படுக்கையினின்றும் எழுங்கால் தொடையும் கணுக்காலும் முறையிடுகின்றன. தெருவில் நிற்பார் நகைக்கின்றனரோ என்னும் நாணம் இவற்றினும் பெரிய துன்பம். பிக்ஸும் இதற்கு விலக்கல்லர். சில காலம் பயின்றபின் அவர் கனெக்டிகட் மாநிலத்துக் கிரீன்விச் என்னும் ஊரில் நடந்த ஐந்து மைல் ஓட்டப் போட்டியிற் கலந்துகொண்டார். கடைசியாக வந்து சேர்ந்தார். கூர்மதி படைத்தார் எனப் பெயர் எடுத்த ஒருவர், பலர் காண எல்லார்க்கும் பின்னால் வருதல் சிறிய இழிவன்று. மற்றொருவராயின் அன்றே அம்முயற்சிக்கு முழுக்குப் போட்டிருப்பர். அவரோ மறுபடியும் ஓடினார். பின்னாளில் அத்தோல்வியை மறைக்காமல் தம் நூலிலேயே எழுதியும் வைத்தார். அவர் பெருமைக்கு இதுவே அடிப்படை என்பது எம் கருத்து.

விடாது பயின்றால் உடலில் நேரும் மாற்றங்கள் வியக்கத்தக்கன. இருதயமும் ஒரு தசையே. ஆதலின் வேலை கொடுக்கக் கொடுக்க அது வலுவுறுகின்றது. ஒவ்வொரு துடிப்பிலும் முன்னினும் மிகுந்த இரத்தத்தை அது வெளியே தள்ளுகின்றது. அதனால், ஓய்ந்திருக்கும் வேளையில் நாடித் துடிப்பின் எண்ணிக்கை குறைகின்றது. தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. சில வாரங்களிலேயே மூச்சு சீர்ப்படுகின்றது. ஆயின், எலும்பும் தசைநாரும் உறுதிப்படுவதற்குப் பன்மடங்கு காலம் பிடிக்கும். மூச்சு தந்த துணிவால் தூரத்தை விரைந்து கூட்டும் புதியவர்கள் முழங்காலிலும் கணுக்காலிலும் நோவுற்று இடையில் நிற்பதற்குக் காரணம் இதுவே. பொறுமையே இக்கலையின் முதற் பாடம். பிக்ஸ் அப்பாடத்தைக் கற்றார். சிகரெட்டை விட்டொழித்தார், பத்து ஆண்டுகளில் 60 இராத்தல் எடையை இழந்தார், 26 மைல் 385 கஜம் கொண்ட மராத்தான் என்னும் நெடுவோட்டங்கள் பலவற்றை ஓடி முடித்தார்.

இதற்கிடையே நாட்டின் மனமும் மாறி வந்தது. 1970-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரின் நடுவணுள்ள பூங்காவில் முதன்முறையாக மராத்தான் நடந்தபொழுது ஓடத் தொடங்கியவர் 127 பேர். ஓடி முடித்தவரோ 55 பேரே. 1972-ஆம் ஆண்டில் மூனிச்சு நகரத்து ஒலிம்பிக்குப் பந்தயத்தில் பிராங்கு ஷார்ட்டர் மராத்தான் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் வென்றார். அமெரிக்கர் ஒருவர் அவ்வெற்றியைப் பெற்று அப்பொழுது 64 ஆண்டுகள் கடந்திருந்தன. தொலைக்காட்சியில் அதனைக் கண்ட இளைஞர் பலர் காலணி பூண்டனர். நியூயார்க்கு மராத்தானும் 1976-ஆம் ஆண்டில் பூங்காவை விட்டு வெளியேறி நகரின் ஐந்து பகுதிகளிலும் புகுந்து சென்றது.

நெருப்பு மூண்டிருந்தது, அதற்கு நெய் வார்த்தது பிக்ஸ் 1977-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓட்டத்தைப் பற்றிய முழு நூல். சிவந்த அதன் மேலட்டையில் ஓடும் இரு கால்களின் படம் பொறிக்கப்பட்டிருந்தது, அக்கால்கள் நூலாசிரியருடையனவே. பத்தாண்டுகளுக்கு முன் டென்னிஸ் ஆட்டத்தில் பிசகிய கால்கள் உரம் பெற்ற வீரக் கால்களாய்க் காட்சியளித்தன. நியூயார்க்கு டைம்ஸ் பத்திரிகையின் விற்பனைப் பட்டியலில் அந்நூல் பதினொரு வாரங்கள் முதலிடம் வகித்தது. பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. 1980-ஆம் ஆண்டில் அதற்கு ஓர் இரண்டாம் நூலும் எழுந்தது.

அந்நூல் அத்துணைப் பேர் உள்ளத்தையும் கவர்ந்தமைக்குக் காரணம் யாது? வீரர்கள் எழுதிய நூல்கள் முன்னரும் இருந்தன; வைத்தியர்கள் எழுதியனவும் இருந்தன. வீரர் உயரத்தில் நின்று பேசினார். வைத்தியர் மேசைக்கு அப்பால் அமர்ந்து பேசினார். பிக்ஸோ வாசகரின் பக்கத்தில் ஓடிக்கொண்டே பேசினார். தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதன் அல்லல் அவர் அறிந்தது. புகைப்பவன் மூச்சு எவ்வாறு திணறும் என்பதும் அவர் அறிந்தது. தோற்றவன் சொல்லுக்குத் தோற்பவனிடத்தில் எப்பொழுதும் மதிப்பு மிகுதி.

இனி, இவ்வரலாற்றின் துயரப் பகுதிக்கு வருவோம். அந்நாட்களில் ஓட்டத்தின்மேல் கொண்ட ஆர்வம் சிலரிடத்தில் எல்லை கடந்தது. மராத்தான் ஓட வல்லார்க்கு இருதயத்தின் இரத்தக் குழாய்கள் அடைபட்டு இறக்கும் நிலை வாராது என்று கலிபோர்னியாவைச் சேர்ந்த தாமஸ் பாஸ்லர் என்னும் வைத்தியர் 1970-களில் எழுதி வந்தார். வைத்தியர் பலர் அதனை மறுத்தனர். ஆயினும், கேட்போர் விரும்பும் செய்தி விரைந்து பரவும் அன்றோ? ஓட்டம் உடலுக்கு நல்லது என்னும் உண்மை, ஓடுவார்க்கு நோயே இல்லை என்னும் மயக்கமாய் வளர்ந்தது.

1983-ஆம் ஆண்டின் இறுதியில் பிக்ஸ் டல்லஸ் நகரிலுள்ள கூப்பரின் பயிற்சி நிலையத்திற்குச் சென்றிருந்தார். ஓடும் பட்டையின்மேல் நடக்கவும் ஓடவும் செய்து, அவ்வமயம் இருதயத்தின் மின்னசைவுகளைக் கருவியாற் பதிவு செய்து, மறைந்துள்ள அடைப்பை அறியும் சோதனை அந்நிலையத்தில் நாள்தோறும் நடைபெற்றது. அச்சோதனையைச் செய்துகொள்ளுமாறு அவரை அழைத்தனர். அவர் அதற்கு இசையவில்லை. அவர் மனத்தில் இருந்தது யாதென்று நாம் எவ்வாறு கூறவல்லோம்? தந்தையாரின் வயதைக் கடந்து எட்டு ஆண்டுகள் வாழ்ந்துவிட்டமையால் ஆபத்து நீங்கிற்று என்று எண்ணினாரோ, அன்றி விடையை அறிய அஞ்சினாரோ, அவரே அறிவார்.

ஏழு மாதங்கள் கழிந்தன. 1984-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 20-ஆம் நாள், வெர்மாண்ட் மாநிலத்து ஹார்டுவிக் என்னும் சிற்றூரில், வழக்கம்போல் ஓடச் சென்ற பிக்ஸ் சாலையோரத்தில் வீழ்ந்து இறந்து கிடந்தார். அப்பொழுது அவருக்கு வயது 52. பிரேத பரிசோதனையில், இருதயத்திற்கு இரத்தம் ஊட்டும் மூன்று குழாய்களும் கொழுப்பால் அடைபட்டிருந்தமை வெளியாயிற்று. ஒன்று நூற்றுக்கு 95 பங்கும், மற்றொன்று 85 பங்கும், மூன்றாவது 70 பங்கும் அடைபட்டிருந்தன. அந்தோ! உறுதி வாய்ந்த கால்கள் இரண்டையும் உலகம் மேலட்டையிற் கண்டு வியந்தது. மார்பினுள்ளே நிகழ்ந்ததை அவரும் கண்டிலர், உலகமும் கண்டிலது.

அவர் இறந்த செய்தி பரவியதும் எள்ளி நகையாடினார் பலர். ஓடி ஓடி அவர் கண்ட பயன் யாது, நாற்காலியே நலம் என்று சோம்பலுடையார் மகிழ்ந்தனர். இவ்வெள்ளல் நேர்மையானதா என்பதைச் சிறிது ஆராய்வோம். தந்தையார் 43-இல் மாண்டார். மைந்தரோ 52 வரை வாழ்ந்தார். பரம்பரையாக வந்த குறையும், 35 வயதுவரை புகைத்த புகையும், சுமந்த பருமனும் அக்குழாய்களில் முன்னரே தம் வேலையைத் தொடங்கியிருத்தல் கூடும். கூப்பர் இச்சாவை விரிவாக ஆராய்ந்து 1985-ஆம் ஆண்டில் தனி நூலே எழுதினார். ஓட்டத்தைக் கைவிடுமாறு அவர் கூறவில்லை. தன் உடல்நிலையை முன்னர் அறிந்து, பின்னர் அச்சமின்றி ஓடுமாறே அறிவுறுத்தினார்.

பிக்ஸ் மாண்ட அதே 1984-ஆம் ஆண்டில், சியாட்டில் நகரப் பகுதியில் திடீரென இருதயம் நின்றுபோன ஆடவரைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. கடும் பயிற்சி செய்துகொண்டிருக்கும் அச்சிறு பொழுதில் அவ்வாபத்து மிகுகின்றது என்பதை அது மறைக்கவில்லை. எனினும், நாள் முழுவதையும் சேர்த்துக் கணக்கிடும்போது, பயிற்சியில் நன்கு பழகியவர்க்குள்ள ஆபத்து, பயிற்சியே இல்லாதவர்க்குள்ளதில் நூற்றுக்கு 40 பங்கே என்று அது காட்டியது. எள்ளினார் நாற்காலியிற் சாய்ந்தபடியே எள்ளினர். அந்நாற்காலியே இருவகை இடங்களுள் மிகுந்த ஆபத்துடையது என்பதை அவர் உணர்ந்திலர்.

எனவே, பிக்ஸ் ஓடியது பிழையன்று; ஓட்டம் ஒன்றே போதும் என்று நின்றதே குறை. ஓடத் தொடங்குவார்க்கு இரண்டு துணிவுகள் வேண்டும் என்பது அவர் வரலாற்றால் நாம் அறிவது. கடைசியாய் வருவதற்கு நாணாத துணிவு ஒன்று. தன் உடலின் உண்மையைக் கேட்டறிய அஞ்சாத துணிவு மற்றொன்று. முதலாவது துணிவில் அவர்க்கு நிகராவார் அரியர். இரண்டாவது துணிவு அவர்க்கு ஒரு நாள் தேவைப்பட்டது. அந்நாளில் அது கைகொடுக்கவில்லை. புதிர்களை விடுவிப்பதில் மகிழ்ந்த அப்பேரறிஞர், தம் மார்பினுள் இருந்த புதிரை மட்டும் விடுவிக்க முயன்றிலர். அவரை இகழ்வதற்காக இதனைக் கூறுகின்றோமல்லோம். அறிவு மிக்காரையே வெல்லும் அச்சம் நம்மையும் வெல்லும் என்று விழிப்பூட்டவே கூறினோம்.

நம் தோழர்களுள் ஓடத் தொடங்க விழைவார் இருப்பின், அவர்க்கு யாம் சொல்லக்கூடியது மிகச் சிறிது. முதல் நாளிலேயே மைல் கணக்கில் ஓட வேண்டுவதின்று. சிறிது தூரம் நடந்து, சிறிது தூரம் மெல்ல ஓடி, மீண்டும் நடந்தால் போதும். உடன் வருவானோடு தடையின்றிப் பேச இயலும் அளவே சரியான வேகம். பேச்சு அறுபடுமாயின் வேகம் மிகுந்துவிட்டது என்று அறிக. ஒரு நாள் ஓடி ஒரு நாள் ஓய்தல் தொடக்கத்தில் ஏற்ற முறை. குடும்பத்தில் இருதய நோயால் இளமையில் இறந்தார் இருப்பினும், நெஞ்சில் இறுக்கமோ மயக்கமோ தோன்றினும், முதலில் வைத்தியரைக் காண்க. அதன்பின் காலணியைப் பூண்க. எம் ஆசிரியப் பெருமக்களுள் நடுவயதை எய்தியோர்க்கும் இது பொருந்தும் என்பதைப் பணிவோடு கூறுகின்றோம்.

பிக்ஸ் இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயின. இன்று உலகின் பெருநகரங்கள் பலவற்றில் ஆயிரக்கணக்கானோர் கூடி மராத்தான் ஓடுகின்றனர். அவருள் முதல்வராய் வருவார் சிலரே. ஏனையோர் எல்லாரும், பருத்தோரும் முதியோரும் மூச்சிரைப்போரும், கிரீன்விச்சில் கடைசியாய் வந்த அம்மனிதரின் வழித்தோன்றல்களே ஆவர். அவர் தொடங்கியதைப் போலத் தொடங்குவோம். அவர் தவறவிட்டதைத் தவறவிடாதிருப்போம்.